வால் வரை பூரணம்: வீட்டில் தையாக்கி சுடுவது எப்படி

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். தையாக்கியில் மீன் கிடையாது. மீன் எண்ணெய், மீன் பொடி, மீன் வாசனை எதுவும் கிடையாது. மீன் வடிவ அச்சில் மைதாக் கரைசலை ஊற்றி, நடுவில் இனிப்பான பயறு பூரணத்தை வைத்து மூடிச் சுட்டெடுக்கும் ஜப்பானியப் பலகாரம், அவ்வளவுதான். டோக்கியோவில் நான் முதன்முதலாக இதைச் செய்து வீடியோ காலில் அம்மாவிடம் காட்டியபோது, "என்னடி, கொழுக்கட்டைக்கு மீன் வேஷம் போட்டிருக்க?" என்று கேட்டார். இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் இதுவரை கேட்டதில்லை.

ஜப்பானிய மொழியில் 'தை' என்பது ஒரு கடல் மீன், பார்வைக்கு நம்மூர் சங்கரா மீனின் சாயலில் சிவப்பாக இருக்கும். 'யாக்கி' என்றால் சுட்டது. மங்கலமானது, கொண்டாடத்தக்கது என்பதற்கு அங்கே 'மெதெதை' என்று ஒரு சொல் உண்டு, அதன் கடைசியில் இந்த 'தை' ஒலிப்பதால் கல்யாணம், புத்தாண்டு என்று எதற்கும் இந்த மீனை வைப்பார்கள். அந்தக் காலத்தில் சாதாரண ஜனங்கள் வாங்க முடியாத விலையுள்ள மீன் என்பதும் ஒரு காரணம். டோக்கியோவின் அசாபு ஜூபன் பகுதியில் 1909-இல் தொடங்கிய நானிவாயா என்ற கடையில்தான் தையாக்கி பிறந்தது என்பார்கள். அதற்கு முன்பே, எடோ காலத்திலிருந்து, வட்ட வடிவில் இமகவாயாக்கி என்ற பலகாரம் இருந்தது. அது சரியாக விற்காததால் ஆமை வடிவில் சுட்டுப் பார்த்தாராம் கடைக்காரர், அதுவும் போகவில்லை, பிறகு மீன் வடிவத்துக்கு மாறியதும் கூட்டம் வந்துவிட்டது என்று கதை. உள்ளே இருப்பது அதே மாவு, அதே பூரணம். வடிவம் மட்டும்தான் மாறியது. அந்தக் கடை இன்றும் இருக்கிறது.

சரி, செய்முறைக்கு வருவோம். நான் நாலைந்து முறை சொதப்பிய பிறகு புரிந்துகொண்ட ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான் வரும். புதிதாகச் செய்பவர்கள் எல்லாரும் மாவைப் பற்றியே கவலைப்படுகிறார்கள்: முட்டை எத்தனை, பால் எவ்வளவு, எப்படி உப்பும். தையாக்கியில் மாவு வெறும் தோல். மீன் நன்றாக இருப்பதும் இல்லாததும் உள்ளே போகும் பூரணத்தின் பதத்தைப் பொறுத்தது, அதற்கடுத்து அச்சின் சூட்டைப் பொறுத்தது. மாவு மூன்றாவது இடம்தான். எனவே முதல் நாள் சாயங்காலமே பூரணத்தைச் செய்து வைத்துவிடுங்கள், சுடுவது மறுநாள் வேலை. ஒரே நாளில் இரண்டையும் செய்தால் இளஞ்சூடான, தளர்ந்த பூரணத்தைத்தான் அச்சில் வைப்பீர்கள், அது கசிந்து அச்சில் ஒட்டிக் கருகும், நீங்கள் மாவைத் திட்டுவீர்கள்.

அச்சு வாங்குவது

வீட்டு உபயோகத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு மீன் அச்சு, புத்தகம் போலத் திறந்து மூடும், இரண்டு கைப்பிடிகளும் ஒரு கொக்கியும் இருக்கும். இதில் இரண்டு வகை. ஒன்று ஒட்டாத பூச்சு போட்ட அலுமினியம்: எடை குறைவு, சீக்கிரம் சூடாகும், விலையும் குறைவு. இன்னொன்று வார்ப்பிரும்பு: ஜப்பானில் இவாத்தே மாகாணத்து நம்பு இரும்பில் செய்தது பேர்போனது. இரும்பில் சுட்டால் தோல் மொறுமொறுப்பாக வரும், சந்தேகமே இல்லை, ஆனால் நம் இரும்புத் தோசைக்கல்லைப் போலவே எண்ணெய் தடவிக் காயவைத்துப் பழக்க வேண்டும், ஒவ்வொரு மீனுக்கும் திருப்பிப் போடும்போது மணிக்கட்டு வலிக்கும். முதல் அச்சாக அலுமினியமே போதும் என்பது என் கட்சி. இரும்பு வாங்கிவிட்டுப் பரண்மேல் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

டோக்கியோவில் இருப்பவர்கள் அசாகுசாவுக்கும் உவேனோவுக்கும் நடுவில் இருக்கும் கப்பாபாஷி பாத்திரக் கடைத் தெருவுக்கு ஒருமுறை போய்வரலாம், கையில் தூக்கிப் பார்த்து வாங்கலாம். இந்தியாவில் இருந்து இணையத்தில் தேடுபவர்கள், கொரியாவில் இதே பலகாரத்துக்குப் 'புங்ஒப்பாங்' என்று பெயர் என்பதை நினைவில் வையுங்கள். 1930-களில் ஜப்பானிய ஆட்சிக் காலத்தில் அங்கே போனது அது. அந்தப் பெயரில் விற்கும் அச்சும் வேலைக்கு ஆகும். வாங்கும்போது பார்க்க வேண்டியது மீனின் ஆழம். ஆழமே இல்லாத தட்டை அச்சில் மாவு வைத்தால் பூரணத்துக்கு இடமிருக்காது, மீன் பிஸ்கட்தான் வரும். அப்புறம், இண்டக்ஷன் அடுப்பு வைத்திருப்பவர்கள் அச்சு அதற்கு ஏற்றதா என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள், பெரும்பாலான அச்சுகள் கேஸ் அடுப்புக்கு மட்டும்தான். அவர்களுக்குத் தட்டு மாற்றும் மின்சார சாண்ட்விச் இயந்திரத்தில் மீன் தட்டு போட்டுச் சுடுவது நல்ல வழி. தோல் கொஞ்சம் மென்மையாக வரும், மற்றபடி குறையில்லை.

ஜப்பானில் வசிப்பவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. 2008-க்குப் பிறகு அங்கே விற்கும் வீட்டு கேஸ் அடுப்புகளில் ஒவ்வொரு பர்னரின் நடுவிலும் சூட்டை உணரும் குமிழ் ஒன்று இருக்கும். வெறும் அச்சைக் காயவைக்கும்போது அது பயந்துபோய்த் தீயைத் தானாகக் குறைத்துவிடும், சில நேரம் அணைத்தே விடும். நான் முதல் இரண்டு முறையும் அடுப்பு கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன். அதிகச் சூட்டுக்கான பொத்தான் உங்கள் அடுப்பில் இருந்தால் அதை அழுத்திக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சின்ன டப்பா கேஸ் செருகும் மேசை அடுப்பில் சுடுங்கள். நான் இப்போது மேசை அடுப்பில்தான் சுடுகிறேன்.

பூரணம், அதாவது அன்கோ

அசுகி என்ற சிறிய சிவப்புப் பயறுதான் இதற்கு. நம் பச்சைப்பயறுக்கும் உளுந்துக்கும் ஒரே குடும்பத்துப் பங்காளி. ஜப்பானில் விளைவதில் பெரும்பகுதி ஹொக்கைடோவில், குறிப்பாகத் தொகாச்சி சமவெளியில். அதை வேகவைத்துச் சர்க்கரை சேர்த்துக் கிளறினால் அன்கோ. தோலோடு, பயறு பாதி உடைந்தும் உடையாமலும் இருப்பது த்சுபு-அன். தோலைச் சலித்து எடுத்துவிட்டு வெண்ணெய் மாதிரி மழமழவென்று செய்வது கோஷி-அன். தையாக்கிக்கு த்சுபு-அன்தான் பொருத்தம், வேலையும் பாதி.

அசுகி கிடைக்காத ஊர்களில் சிவப்புக் காராமணியை எடுத்துக்கொள்ளலாம். இது ஏதோ நானாகச் சொல்லும் ஒப்பேற்று அல்ல. ஜப்பானில் பண்டிகைக்குச் செய்யும் சிவப்புச் சோற்றில், டோக்கியோ பக்கம் அசுகிக்குப் பதில் சசகே என்ற பயறைப் போடும் பழக்கம் உண்டு. அசுகி வேகும்போது வயிறு வெடிக்கும், அது சாமுராய்களுக்கு வயிற்றைக் கிழித்துக்கொள்ளும் சடங்கை நினைவூட்டும், அதனால் வெடிக்காத சசகே என்று காரணம் சொல்வார்கள். அந்தச் சசகேதான் நம் காராமணி. தோல் கொஞ்சம் தடிமன், அதனால் இரவே ஊறவையுங்கள். ஆனால் 'ரெட் பீன்ஸ்' என்று எழுதியிருக்கிறதே என்று ராஜ்மாவை வாங்கி வந்துவிடாதீர்கள், சுவை வேறு, மாவுத்தன்மை வேறு, அதில் அன்கோ வராது.

200 கிராம் அசுகிக்கு 180 கிராம் வெள்ளைச் சர்க்கரை, இரண்டு விரல் உப்பு. இதற்கு ஏறத்தாழ அரைக்கிலோ பூரணம் கிடைக்கும், ஆறு மீனுக்கு 300 கிராம் போக மீதி ஃப்ரீசருக்கு. அசுகியைக் கழுவி, ஊறவைக்காமலே, நாலு பங்கு தண்ணீர் ஊற்றி அடுப்பில் வையுங்கள். கொதி வந்து ஐந்து நிமிடத்தில் தண்ணீர் செம்பழுப்பாகும். அதை முழுவதும் வடித்துக் கொட்டிவிடுங்கள். துவர்ப்பெல்லாம் அதில்தான் போகிறது, இதைத் தாண்டிச் சென்றால் எவ்வளவு சர்க்கரை போட்டாலும் நாக்கின் பின்புறம் ஒரு கரகரப்பு நிற்கும். புதுத் தண்ணீர் ஊற்றி, பயறு துள்ளாமல் மெல்ல அசையும் அளவு தீயில், ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம். தண்ணீர் குறைந்து பயறு வெளியே தெரிந்தால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். நடுவில் ஒரு தம்ளர் பச்சைத் தண்ணீரை ஊற்றிக் கொதியை அடக்கும் வழக்கமும் அங்கே உண்டு, 'திடுக்கிட வைக்கும் தண்ணீர்' என்றே அதற்குப் பெயர். தோல் சுருங்கி விரிந்து, உள்ளும் புறமும் ஒரே சீராக வேகும் என்பார்கள்.

வெந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? ஒன்றை எடுத்துக் கட்டை விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்குங்கள். சுண்டு விரலுக்கு வலு கிடையாது, அதிலேயே மசிந்தால்தான் வெந்தது. இங்கே அவசரப்படவே கூடாது, ஏனென்றால் சர்க்கரை போட்ட பிறகு பயறு இனி மென்மையாகாது. அரைவேக்காட்டில் சர்க்கரை போட்டு, அப்புறம் மேலும் ஒரு மணி நேரம் கிளறினாலும் கடுக்கென்றுதான் இருக்கும். இதை நான் அனுபவித்துத்தான் சொல்கிறேன், அந்தப் பானைப் பூரணத்தை முழுவதும் மிக்சியில் அடித்துக் கஞ்சியில் கலந்து குடித்துத் தீர்த்தோம்.

குக்கர் வைத்திருப்பவர்கள் முதல் தண்ணீரை வடித்த பிறகு மூன்று பங்கு தண்ணீரோடு குக்கரில் வைத்து, ஒரு விசில் வந்ததும் தீயைக் குறைத்து 15 முதல் 20 நிமிடம் விடலாம். குக்கரில் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம், நுரை பொங்கித் தோல் போய் வெயிட் துளையில் அடைத்துக்கொள்ளும்.

வெந்ததும் தண்ணீரை வடியுங்கள், ஒட்டப் பிழிய வேண்டாம். அடிகனமான பாத்திரத்தில் போட்டு, சர்க்கரையை மூன்று தவணையாகச் சேர்த்துக் கிளறுங்கள். சர்க்கரை விழுந்ததும் எல்லாம் இளகித் தண்ணீராகும், பயப்பட வேண்டாம். மரக்கரண்டியால் அடியோடு ஒரு கோடு இழுத்தால் பாத்திரத்தின் அடி தெரிந்து, அந்தக் கோடு மூன்று விநாடியாவது மூடாமல் நிற்க வேண்டும். உப்பு கடைசியில். ஆறினால் இன்னும் இறுகும் என்பதால் சாதாரணமாக இந்த இடத்திலேயே நிறுத்துவார்கள், தையாக்கிக்கு மட்டும் இன்னும் இரண்டு நிமிடம் கூடுதலாகக் கிளறுங்கள். ஆறிய பிறகு கையில் உருட்டினால் பூரணக் கொழுக்கட்டை பூரணம் போல உருண்டை நிற்க வேண்டும், கையில் பிசுபிசுவென்று அப்பக் கூடாது. இதுதான் பதம்.

வெல்லம் போடலாமா என்று நம்மவர்கள் கேட்காமல் இருக்க மாட்டார்கள். போடலாம். ஒகினாவாவில் கரும்புச் சாற்றைக் காய்ச்சிய கருப்புச் சர்க்கரை உண்டு, அதைப் போட்டு அன்கோ செய்வார்கள்தான். ஆனால் வெல்லம் கொஞ்சம் இளகலாக நிற்கும், கூடுதல் நேரம் கிளற வேண்டும், அசுகியின் சொந்த மணமும் அமுங்கிவிடும். முதல் தடவை வெள்ளைச் சர்க்கரையிலேயே செய்து பாருங்கள். ஏலக்காய் போடாதீர்கள், தயவுசெய்து.

நேரமில்லாதவர்கள் ஜப்பானிய சூப்பர் மார்க்கெட்டில் பையில் விற்கும் த்சுபு-அன் வாங்கலாம். பெரும்பாலும் அது தளர்வாக இருக்கும், அப்படியே வைக்காமல் வாணலியில் போட்டு ஐந்து நிமிடம் வற்றவைத்து ஆறவைத்து எடுங்கள். டப்பாவில் வரும் வேகவைத்த அசுகி அதைவிடத் தளர்வு, அது ஐஸ்கிரீம் மேல் ஊற்றத்தான் லாயக்கு.

ஆறிய பூரணத்தை 45 முதல் 50 கிராம் வீதம் எடை போட்டு, மீனின் நீளத்துக்குச் சுண்டு விரல் போல நீட்டி உருட்டி, தலைப் பக்கம் கொஞ்சம் பருத்தும் வால் பக்கம் மெலிந்தும் பிடித்து, தட்டில் அடுக்கி ஃப்ரிட்ஜில் வையுங்கள். கரண்டியால் அள்ளி வைத்தால் வயிற்றில் மட்டும் ஒரு கட்டியாக நிற்கும், வாலைக் கடித்தால் வெறும் மாவு. வால் வரை அன்கோ இருக்க வேண்டுமா, வேண்டாமா என்பது ஜப்பானில் தீராத பட்டிமன்றம். வால் வெறுமையாக இருந்தால்தான் கடைசியில் இனிப்பு மாறி வாய் சுத்தமாகும் என்று ஒரு கட்சி. டோக்கியோ யோட்சுயாவில் இருக்கும் வகபா கடை வால் வரை அன்கோ வைப்பதற்கே பேர்போனது. நான் வகபா கட்சி.

மாவு

ஆறு மீனுக்கு: மைதா 150 கிராம், பேக்கிங் பவுடர் 1 தேக்கரண்டி, சர்க்கரை 25 கிராம், முட்டை 1, பால் 100 மி.லி., தண்ணீர் 80 மி.லி., ஒரு சிட்டிகை உப்பு. ஜப்பானில் என்றால் ஹகுரிகிகோ என்று எழுதிய மாவை எடுங்கள், பசைத்தன்மை குறைவானது. நம்மூர் மைதாவில் செய்பவர்கள் 20 கிராம் மைதாவை எடுத்துவிட்டு அதற்குப் பதில் கார்ன்ஃப்ளார் சேர்த்துக்கொள்ளுங்கள், தோல் ரப்பர் போல இழுக்காது. முழுவதும் பால் ஊற்றினால் பான்கேக் மாதிரி மெத்தென்று வரும், முழுவதும் தண்ணீர் என்றால் மொறுமொறுப்பு கூடும். மேலே சொன்ன அளவு நடுவாந்தரம், உங்கள் வாய்க்கு ஏற்ப மாற்றலாம்.

உலர்ந்ததைச் சலித்து, ஈரமானதைத் தனியாக அடித்து, இரண்டையும் கலந்து, மாவுத் திட்டுகள் மறைந்ததும் நிறுத்துங்கள். கட்டி ஒன்றிரண்டு இருந்தால் இருக்கட்டும். பஜ்ஜி மாவை விடத் தளர்வு, தோசை மாவை விடச் சற்று இளகல், கரண்டியிலிருந்து நூல் அறாமல் விழ வேண்டும். மூடி ஃப்ரிட்ஜில் அரை மணி நேரம் வையுங்கள். மூக்கு வைத்த குவளையில் ஊற்றி வைத்துக்கொண்டால் அச்சில் ஊற்ற வசதி. கரண்டி வேண்டாம், சொட்டிக்கொண்டே இருக்கும்.

முட்டை சாப்பிடாதவர்கள் அதை விட்டுவிட்டு 50 மி.லி. தண்ணீரும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயும் கூடுதலாகச் சேர்க்கலாம். நிறம் கொஞ்சம் வெளிறும், மொறுமொறுப்பு குறையாது.

சுடுவது

அச்சை மூடி, நடுத்தரத் தீயில், இரண்டு பக்கமும் இரண்டு நிமிடம் வீதம் வெறுமனே காயவையுங்கள். பூச்சு போட்ட அச்சாக இருந்தால் அதற்கு மேல் வெறுமனே காய வேண்டாம், பூச்சு கெடும். திறந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அது முத்தாக உருண்டு ஓட வேண்டும். அங்கேயே ஆவியாகி மறைந்தால் சூடு போதவில்லை. பணியாரக்கல் பழக்கம் உள்ள வீட்டில் இதை விளக்க வேண்டியதில்லை.

பிறகு எண்ணெய். சிலிக்கான் தூரிகையால், செதில், துடுப்பு, கண், வாய் எல்லாப் பள்ளத்திலும், இரண்டு பக்கமும். மேல் பக்கம்தானே என்று விட்டுவிட்டால் மூடியைத் திறக்கும்போது மீனின் பாதி முகம் மூடியோடு போகும். மணமில்லாத எண்ணெய் போதும். வெண்ணெய் சீக்கிரம் கருகிவிடும்.

இப்போது தீயை நடுத்தரத்துக்கும் சிறியதற்கும் இடையில் வைத்து, கீழ்ப் பள்ளத்தில் பாதி அளவுக்குக் கொஞ்சம் கூடுதலாக மாவை ஊற்றுங்கள். புதியவர்கள் எல்லாரும் இங்கே நிறைய ஊற்றிவிடுகிறார்கள், நானும்தான், மூடியதும் எல்லாப் பக்கமும் வழிந்து பர்னரில் ஊற்றி ஒரு சாயங்காலம் முழுவதும் அடுப்பைத் துடைத்தேன். வாலின் நுனி வரை மாவு போயிருக்கிறதா பாருங்கள், போகாவிட்டால் குச்சியால் தள்ளிவிடுங்கள். பத்து விநாடி பொறுத்து, ஓரம் லேசாக வெளுத்ததும், உருட்டிய பூரணத்தை நடுவில் படுக்க வையுங்கள், அழுத்தாதீர்கள். அதன் மேல் பூரணம் மறையும் அளவுக்கு மட்டும் மாவு. உடனே மூடி, கொக்கியை மாட்டி, தாமதிக்காமல் திருப்பிப் போடுங்கள். அப்போதுதான் இளகலாக இருக்கும் மாவு மறுபக்கத்துச் செதிலிலெல்லாம் போய் இறங்கும். திருப்புவதை அடுப்பின் மேல் செய்யாமல் பக்கத்தில் ஒரு தட்டின் மேல் பிடித்துத் திருப்பினால் வழிந்தாலும் தொல்லையில்லை.

இரண்டரை நிமிடம். திருப்புங்கள். இன்னொரு இரண்டரை நிமிடம். நடுவில் திறந்து பார்க்கக் கை துறுதுறுக்கும், முதல் இரண்டு நிமிடம் மட்டும் திறக்காதீர்கள், மீன் இரண்டாகப் பிளந்துவிடும். அதன் பிறகு மெதுவாகத் திறந்து பாருங்கள். மூடி இழுத்தால் இன்னும் வேகவில்லை என்று அர்த்தம், மறுபடி மூடி அரை நிமிடம் விடுங்கள், தானாகவே விடும். பழுப்பு நிறமும், செதில் முனைகளில் அங்கங்கே கரும்பழுப்பும் வந்திருந்தால் எடுங்கள். மஞ்சளாக இருக்கும்போதே எடுத்துவிட்டால் படம் எடுக்க அழகாக இருக்கும், ஐந்து நிமிடத்தில் தொய்ந்துவிடும். பழைய டோக்கியோக் கடைகளின் மீன்கள் நிறையவே கரிப்புள்ளியோடுதான் இருக்கும்.

எடுத்ததைத் தட்டில் போடாதீர்கள், கம்பித் தாங்கியில் போடுங்கள். தட்டில் வைத்தால் அடியில் ஆவி வியர்த்து இவ்வளவு நேரம் உண்டாக்கிய மொறுமொறுப்பு போய்விடும். கடையில் காகிதப் பையில் போட்டுக் கொடுத்தாலும் வாயை மூடாமல்தான் கொடுப்பார்கள். சுற்றிலும் வழிந்து மெல்லிய அப்பளம் மாதிரி நிற்கும் ஓரத்துக்கு 'ஹனே', இறக்கை, என்று பெயர். சிலர் கத்தரிக்கோலால் வெட்டிவிடுவார்கள், சில கடைகள் வேண்டுமென்றே விட்டுவைக்கும். என் வீட்டில் வெட்டிய இறக்கை மேசைக்குப் போவதில்லை, அடுப்பருகே நிற்பவருக்கான கூலி அது.

முதல் ஜோடி எப்படியும் சரியாக வராது. அச்சின் சூடு நிதானத்துக்கு வர ஒரு சுற்று ஆகும். முதல் தோசை கல்லுக்கு என்று விட்டுவிடுவோமே, அதே கணக்கு.

சரியாக வராவிட்டால்

தலை மட்டும் உள்ளே பச்சையாக இருந்தால் தீ அதிகம். தலைதான் மீனில் தடிமனான இடம், வெளியே நிறம் வந்துவிடும், உள்ளே வேகாது. தீயைக் குறைத்து ஒரு நிமிடம் கூட்டுங்கள். கூடவே பூரணத்தைத் தலைப் பக்கம் நன்றாகத் தள்ளி வையுங்கள், அங்கே மாவு குறையும். ஒரு பக்கம் மட்டும் நிறம் வந்தால், நீங்கள் மூடி ஒரு நிமிடம் கழித்துத் திருப்பியிருக்கிறீர்கள். மூடிய உடனே திருப்ப வேண்டும். வயிறு வெடித்துப் பூரணம் வெளியே வந்தால் பூரணம் அதிகம் அல்லது தளர்வு, கருகியதைச் சூடாக இருக்கும்போதே ஈரத்துணியால் துடைத்துவிட்டு அடுத்ததை ஊற்றுங்கள். செதில் பதியவில்லை என்றால் மாவு கெட்டி, ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் விடுங்கள். இரண்டு மீன் அச்சில் ஒரு மீன் மட்டும் கருகினால் அது மாவின் குற்றமல்ல, அச்சு பர்னரின் நடுவில் இல்லை. நம்மூர் அடுப்புகளில் தாங்கியின் கம்பிகள் அகலம், கைப்பிடி கனத்தில் அச்சு ஒரு பக்கம் சாயும். பாதி நேரத்தில் அச்சை அரைவட்டம் திருப்பி வையுங்கள்.

கடைகளில் எப்படிச் சுடுகிறார்கள் என்று ஒருமுறை நின்று பாருங்கள், நிறையக் கற்றுக்கொள்ளலாம். ஒரு மீனுக்கு ஒரு நீண்ட கைப்பிடி இரும்பு அச்சு, அப்படிப் பல அச்சுகளை நெருப்பின் மேல் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டே இருப்பார்கள். இன்னொரு வகைக் கடையில் ஒரே பெரிய தகட்டில் பல மீன்கள். முதல் வகையை விரும்பிகள் 'இயற்கை மீன்' என்றும் இரண்டாவதை 'வளர்ப்பு மீன்' என்றும் கிண்டலாகப் பிரிப்பார்கள், மீன் சந்தையில் கடலில் பிடித்ததையும் பண்ணையில் வளர்த்ததையும் பிரிப்பது போல. அந்தக் கணக்கில் நம் இரண்டு மீன் அச்சு எதில் சேரும் என்று தெரியவில்லை, தொட்டி மீன் என்று வைத்துக்கொள்ளலாம்.

வேறு பூரணங்கள்

கஸ்டர்ட் ஜப்பானிலேயே பரவலாக விற்பது. மஞ்சள் கரு 2, சர்க்கரை 40 கிராம், கார்ன்ஃப்ளார் 20 கிராம், பால் 250 மி.லி., எல்லாவற்றையும் கட்டியில்லாமல் அடித்துக் கைவிடாமல் கிளறி, கொதித்துக் கெட்டியானதும் இன்னும் ஒரு நிமிடம் கிளறி இறக்கி, மேலே ஆடை படியாமல் பிளாஸ்டிக் தாளை ஒட்ட மூடி, ஃப்ரிட்ஜில் முழுவதும் குளிரவைக்க வேண்டும். குளிராத கஸ்டர்டை வைத்தால் மாவோடு மாவாகிக் காணாமல் போகும். மசித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கும் நன்றாக இருக்கும், அன்கோவோடு ஒரு துண்டு சீஸ் வைப்பது எனக்குப் பிடிக்கும். சாசேஜ், முட்டைக்கோஸ், மயோனீஸ் வைத்துக் காரமாகச் செய்யும் கடைகளும் உண்டு, அதற்கு மாவில் சர்க்கரையைப் பாதியாக்குங்கள். எது வைத்தாலும் விதி ஒன்றுதான்: ஆறியிருக்க வேண்டும், ஈரம் வடியக் கூடாது. சாக்லேட் மட்டும் விலக்கு, கட்டியாகவே வைக்கலாம், ஆனால் முதல் கடியில் நாக்கு சுடும், குழந்தைகளுக்குக் கொடுப்பதற்கு முன் இரண்டாகப் பிய்த்து ஆறவிடுங்கள்.

மீந்தால் முழுவதும் ஆறவிட்டு ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்றி ஃப்ரீசரில் போடுங்கள், இரண்டு மூன்று வாரம் தாங்கும். ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டில் வைத்தால் ஒரே நாளில் தோல் வறண்டு கட்டையாகிவிடும். எடுத்துச் சாப்பிடும்போது மைக்ரோவேவில் அரை நிமிடம், உள்ளே சூடேறுவதற்கு. அப்புறம் ஓவன் டோஸ்டரில் இரண்டு மூன்று நிமிடம், வெளியே மொறுமொறுவென்று ஆவதற்கு. டோஸ்டர் இல்லையென்றால் எண்ணெய் விடாத தோசைக்கல்லில் சின்னத் தீயில் இரண்டு பக்கமும் திருப்பிப் போடுங்கள். வால் மெலிதாக இருப்பதால் முதலில் கருகும், அதை மட்டும் ஒரு துண்டு அலுமினியத் தாளால் சுற்றிவிடுங்கள்.